வார் நிற்காத கார்

தணிகாசலம் முதலாளியின் பச்சைக் கார் பேசத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, தொழிற்சாலைச் சங்கு ஊதி ஓய்ந்த அடுத்த நொடியில், பானெட்டின் மேல் குறுக்காகக் கட்டியிருந்த இரண்டு தோல் வார்களில் முன்வார் பட்டென்று அறுந்து பக்கிளோடு தெறித்துக் காவலாளியின் காலடியில் விழுந்தபோது என்று எங்கள் ஊரில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள், ஏனென்றால் வேலை விட்டு வாசலில் முந்நூறு பேர் நின்றிருந்தார்கள், முந்நூறு பேரும் கேட்டார்கள். பானெட்டு ஒரு விரல் அளவுக்கு மேலே தூக்கிக்கொண்டது. அந்த இடைவெளி வழியாக, ஈரத் தோலைப் போர்த்திக்கொண்டு பேசுகிறவனுடையது போன்ற ஓர் ஆண்குரல், அவசரமில்லாமல், யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி, "உள்ளதான் இருக்கேன்," என்றது.

காவலாளி பானெட்டை முழுவதும் திறந்து பார்த்தார். இன்ஜின் இருந்தது, ரேடியேட்டர் இருந்தது, ஒரு பல்லி இருந்தது, ஆள் யாரும் இல்லை. அவர் வாசல் பதிவேட்டில் 'மாலை 5.00. முதலாளி கார் பேசியது. வார் அறுந்தது' என்று எழுதி, வார் அறுந்ததற்குத் தான் பொறுப்பில்லை என்பதற்காக அதன்கீழ் இரண்டு பேரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

அந்தக் கார் எங்கள் ஊர் மேம்பாலத்தைவிட வயதானது, பாலாற்றில் கடைசியாகத் தண்ணீர் கரை தொட்டு ஓடிய வருடத்தைவிடவும் வயதானது. தோல் வாங்க வந்த ஒரு வெள்ளைக்காரர் கப்பலேறும்போது முதலாளியின் அப்பாவிடம் விட்டுப்போனது. மேலே கூரை இல்லாமல், நீளமான மூக்கோடு, மூக்கின் இரண்டு பக்கமும் மடல்போல் திறக்கும் பானெட்டோடு இருக்கும். ஓடும்போது காற்றில் அந்த மடல்கள் எழும்பாமலிருக்கத்தான் வார்கள். எந்தத் தெருக் கல்யாணத்துக்கும், எந்தச் சாமி ஊர்வலத்துக்கும், கேட்டால் கொடுப்பார்கள். மற்ற நாட்களில், பதினோரு வருடங்களாக, தொழிற்சாலை வாசலுக்கு உள்பக்கம் சிமெண்டுத் தரை போட்டு அதற்கென்றே கட்டிய கொட்டகையில் நிற்கும்.

புதன்கிழமை தேங்காய்நார்க் கயிறு கட்டினார்கள். ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது, கயிறு அறுந்தது, "உள்ளதான் இருக்கேன்," என்றது கார். வியாழக்கிழமை கம்பி முறுக்கினார்கள். கம்பியும் அறுந்தது. வெள்ளிக்கிழமை எதையும் கட்டாமல் விட்டுப் பார்த்தார்கள். அன்றைக்குப் பானெட்டு தானாகவே திறந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, மூடாமல் அப்படியே நின்றது. அது வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற ஆளைப்போல இருக்கிறது என்று சொல்லிப் பெண்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்கள்.

ஒரு வாரத்தில் ஊர் பழகிக்கொண்டது. வாசலுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் கன்னியப்பன்தான் முதலில் பதில் சொன்னவர். கார் சொன்னதும், டீயை ஆற்றிக்கொண்டே, "சரி, இரு. நாங்க மட்டும் எங்க போவப் போறோம்?" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாள் கடையில் இருந்த எல்லோரும் பதில் சொன்னார்கள். அதற்கு மறுநாளிலிருந்து, கார் பேசி, கடை பதில் சொன்ன பிறகுதான் ஐந்து பத்து பஸ் கிளம்பியது. டிரைவர் ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு காத்திருப்பார். எங்கள் தெருவில் பெண்கள் அந்தக் குரல் கேட்டுத்தான் சாயங்காலத்து அரிசியைக் களைந்தார்கள். யாரோ பம்பரின் மேல் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், யாரோ கைப்பிடியில் பச்சைக் கயிறு கட்டினார்கள், எங்கள் சபைப் போதகர் ஞாயிறு ஆராதனை முடிந்து வெள்ளை அங்கியோடே வந்து நின்று ஒரு சங்கீதம் வாசித்தார். கார் மூன்றையும் ஏற்றுக்கொண்டது, ஐந்து மணிக்கு எப்போதும் சொல்வதைச் சொன்னது.

பிறகு வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லா ஊரிலும் போய்த் திரும்பாத யாரோ ஒருவர் இருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஒரு அம்மா வந்தார். எட்டு வருடத்துக்கு முன்னால் வளைகுடாவுக்குப் போன மகனிடமிருந்து கடிதமும் இல்லை, போனும் இல்லை. காவலாளி அனுமதித்து உள்ளே விட்டார். அந்த அம்மா முந்தானையால் பானெட்டைத் துடைத்து, காதை அதன் மேல் வைத்துக் காத்திருந்து, குரலைக் கேட்டுவிட்டு, "என் பையன் இவ்ளோ பொறுமையா பேச மாட்டான்," என்று சொல்லிப் பஸ் ஏறிப் போய்விட்டார். சண்டையில் வீட்டை விட்டுப் போன தம்பியைத் தேடி ஒருவர் வந்தார். அவருக்கு அது தம்பியின் குரலாகவே கேட்டது. மூன்று நாள் தொடர்ந்து வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, நான்காம் நாள், தம்பிக்குக் கொஞ்சம் திக்குவாய் உண்டு என்பது ஞாபகம் வந்து வருவதை நிறுத்திக்கொண்டார். ஈரத் தோலுக்கு உள்ளிருந்து வருவது போன்ற குரல் என்பதால், யார் கேட்டாலும் அதில் அவரவருக்கு வேண்டியவரின் சாயல் கொஞ்சம் இருந்தது.

வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் இருக்கும் சலோமி அத்தை. இன்னொருவர் என் அப்பா ஏசுபாதம். அவர் அந்தத் தொழிற்சாலையிலேயே இருபத்தெட்டு வருடமாக வேலை பார்ப்பவர், ஆனால் கார் பேச ஆரம்பித்த நாளிலிருந்து பின்வாசல் வழியாக, கருவேலங்காட்டைச் சுற்றிக்கொண்டு, அரை மணி நேரம் தாமதமாக வீட்டுக்கு வந்தார். முழங்கால் வலிக்கு நடை நல்லது என்று அவர் சொன்னதை நான் நம்பினேன்.

நானும் அங்கேதான் வேலை பார்த்தேன். தோல் தொழில்நுட்பம் படித்துவிட்டு ஆய்வகத்தில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் முடிந்தால்தான் நிரந்தரம். அதனால் முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டபோது, எந்தச் சோதனையில் என்ன தப்பு செய்தேன் என்று படிக்கட்டு முழுவதும் யோசித்துக்கொண்டே போனேன்.

"ஜெபாதானே உன் பேரு? ஏசுபாதம் பொண்ணு," என்றார் முதலாளி. "மெட்ராஸ்ல பழைய காரெல்லாம் ஊர்வலம் போவுதும்மா. இருபது நாள் இருக்கு. எங்கப்பா காலத்துலருந்து ஒரு வருஷம் தவறினதில்ல. போன வருஷம் ரெண்டாவது பரிசு. இப்ப இது பேசுது."

"ஆமா சார்."

"பேசட்டும். பேசறத நான் ஒண்ணும் சொல்லல. வார் நிக்கணும். கண்டவன் கம்பியும் கயிறும் கட்டி அசிங்கம் பண்ணி வெச்சிருக்கான். அந்தக் காலத்து மாதிரி தோல் வாரே போடணும், இல்லன்னா மார்க் கொறைப்பாங்க. தோல் ஊருல இருந்துக்கிட்டு ஒரு வாருக்கு வழியில்லன்னா சிரிக்க மாட்டானா? எது நிக்கும்னு சோதிச்சு, எழுதிக் கொண்டா."

எனக்குத் துணையாக மேம்பாலத்தடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாஷா பாயை அனுப்பினார். அந்தக் காரைத் தொடத் தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவர்தான். அவர் வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றி, டயரைக் காலால் தட்டி, பானெட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "பாப்பா, வண்டிக்கு நோவு இல்ல. வண்டி சோக்கா கீது. உள்ள இருக்கறவனுக்குத்தான் நோவு," என்றார்.

"அதுக்கு என்ன பண்றது பாய்?"

"நான் மெக்கானிக்கு. நீ வார எடு."

முதலில் எங்கள் தொழிற்சாலையிலேயே குரோம் உப்பில் பதப்படுத்திய தோலில், நான்கு மில்லிமீட்டர் கனத்தில், ஒன்றரை அங்குல அகலத்தில் வெட்டினேன். ஆய்வகத்தில் ஓர் இயந்திரம் இருக்கிறது, தோல் துண்டின் இரண்டு முனையையும் கவ்விப் பிடித்து அறுகிற வரைக்கும் இழுத்து, எவ்வளவு இழுத்தது என்று சொல்லும். அதில் அந்த வார் ஒரு ஆளையே தூக்கிப்பிடிக்கும் அளவுக்குத் தாங்கியது. காரில் கட்டினோம். ஐந்து மணிக்கு அறுந்தது. அடுத்து எருமைத் தோல், ஆவாரம்பட்டையில் பதப்படுத்தியது, வயிற்றுப்பக்கம் தவிர்த்து முதுகுத்தண்டை ஒட்டி வெட்டியது, மெழுகும் எண்ணெயும் ஏற்றியது. பாஷா பாய் அதைக் கையில் வாங்கி, "இது யானைய கட்டும்," என்றார். ஐந்து மணிக்கு அதுவும் அறுந்தது. தோல் வேண்டாம் என்று முடிவு செய்து, லாரி சீட்பெல்ட் நைலானை இரண்டாக மடித்துத் தைத்தோம், தீயணைப்புக் குழாயின் கித்தானைக் கிழித்து முறுக்கினோம், மாவு மில்லின் ரப்பர் பெல்ட்டைப் போட்டோம். விஷயம் பரவி, ஆளாளுக்குத் தங்களிடம் இருப்பதில் உறுதியானதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர் தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். பேண்ட் வாத்தியக்காரர் பெரிய டிரம்மைத் தோளில் மாட்டும் வாரைக் கொடுத்தார். ஒரு தறிக்காரர், ஒரு உடற்பயிற்சி நிலையத்துக்காரர், கோவில் தேர் இழுக்கும் கயிற்றில் ஒரு முழம் கொண்டுவந்த ஒருவர். எல்லாமே ஐந்து மணிவரை தாங்கின, ஐந்து மணிக்கு அறுந்தன. கன்னியப்பன் கடையில் எது எத்தனை நொடி தாங்கும் என்று பந்தயம் கட்டவும் தொடங்கியிருந்தார்கள்.

அந்த நாட்களில் ஒருநாள், சாயங்காலம் நாலரை மணிக்கு மேல், சலோமி அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை நெடுஞ்சாலையோரத்து ஷூ கம்பெனியில் தைக்கிறவள். நான்கு மணிக்கு வீடு வந்துவிடுவாள். அவளிடம் கெட்டியான தையல் நூல் இருக்கும் என்று கேட்கப் போனேன். அவள் கணவர் ஆரோன் மாமா, என் அப்பாவோடு ஒரே செட்டில் வேலை பார்த்தவர், பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் வேலைக்குப் போனவர் வீட்டுக்கு வரவில்லை. வேலை முடிந்து வெளியே போய்விட்டார் என்று தொழிற்சாலையில் சொன்னார்கள். பெங்களூரில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், ஓசூரில் வேறு ஒரு பெண்ணோடு பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு அத்தைக்கு ஊரில் ஒரே பெயர்தான், ஓடிப்போனவன் பெண்டாட்டி. நான் பத்தாவது படிக்கும்போது அவளுக்காக ஒரு அரசாங்க விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். அதில் 'விதவை', 'கைவிடப்பட்டவர்' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. அத்தை அடுப்பைக் கவனிக்க எழுந்து போனாள். நான் இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தேன். தெருவில் எழுதத் தெரிந்தவள் நான்தானே.

நூலைக் கொடுத்துவிட்டு அத்தை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள், கதவைச் சாத்தினாள், மிக்ஸியில் ஒன்றும் போடாமல் சுவிட்சைத் தட்டினாள். அது காலியாகச் சுற்றிக் கத்தியது. நிறுத்தியபோது ஐந்து மணி தாண்டியிருந்தது.

"நீங்க ஒரு தடவ வந்து கேட்டா என்ன அத்த?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"கேட்டு?" என்றாள். "அது அவருன்னா அவரு செத்துட்டாரு. அவரு இல்லன்னா என்ன வுட்டுட்டு போயிட்டாரு. ஜெபா, நீ படிச்ச பொண்ணு, சொல்லு. எதுன்னு நான் ஜெபம் பண்ணட்டும்?"

நூலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள், அதுவரை அறுந்த வார்களையெல்லாம் மேசையில் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். இழுத்து அறுந்த தோலின் முனை பிசிறாக, நார்நாராக இருக்கும். இவை அப்படி இல்லை. எல்லாமே முனையில் ஊறி, வெளுத்து, வழவழவென்று, கையில் தொட்டால் நழுவுகிற மாதிரி இருந்தன. நைலானும் அப்படித்தான், ரப்பரும் அப்படித்தான், தேர்க்கயிறும் அப்படித்தான் இருந்தது. அந்த வழவழப்பை நான் கல்லூரியில் தொட்டிருக்கிறேன், அதற்கும் முன்னால் சின்ன வயதில் அப்பாவின் விரல்களில் தொட்டிருக்கிறேன். பச்சைத் தோலில் முடி கழல்வதற்காகச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போடுவார்கள். ஊறிய தோலில் சுண்ணாம்பு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்க்க ஓரத்தை வெட்டி, நிறமில்லாத ஒரு திரவத்தை ஒரு சொட்டு விடுவோம். சுண்ணாம்பு இருக்கிற இடம் வரைக்கும் ரோஜா நிறமாகும். முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுக்கிற சோதனை.

எருமைத்தோல் வாரின் முனையில் ஒரு சொட்டு விட்டேன். ரோஜா நிறம். குரோம் தோலில் விட்டேன், நைலானில் விட்டேன், ரப்பரில் விட்டேன், ஏட்டின் பெல்ட்டில் விட்டேன். மேசை முழுவதும், வெற்றிலை போட்ட வாய்கள் மாதிரி, சிவந்த முனைகள். எங்கள் தொழிற்சாலையில் பதினோரு வருடமாகச் சுண்ணாம்பே கிடையாது. வெளியிலிருந்து பாதி பதப்படுத்திய தோலை வாங்கித்தான் வேலை நடக்கிறது. குழிகளையெல்லாம் அப்போதே மண் போட்டு மூடிவிட்டார்கள்.

தப்பாக எழுதிவிடக் கூடாது என்று மூன்று முறை செய்து பார்த்தேன். திரவம் கெட்டுவிட்டதோ என்று புது பாட்டில் திறந்தேன். பிறகு அறிக்கை எழுதினேன். எந்த வார், எவ்வளவு தாங்கியது, எப்படி அறுந்தது, கடைசியில் ஒரு வரி: 'அறுந்த அனைத்து மாதிரிகளின் முனையிலும் சுண்ணாம்பு உள்ளது.' அந்த வரியை எழுதவா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார்.

"எந்த வாரு நிக்கும்னு கேட்டா, சுண்ணாம்புன்னு எழுதிருக்கியேம்மா. சரக்கு சரியில்லன்னு எழுதினா போதாதா?"

"நைலான்லயும் இருக்கு சார்."

"இருந்தா?"

"அதான் சார் எழுதியிருக்கேன்." பாட்டிலையும் இரண்டு வாரையும் கொண்டுபோயிருந்தேன். மேசையில் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், அந்தத் தொழிலிலேயே பிறந்து வளர்ந்தவர், தானே திறந்து தானே சொட்டு விட்டார். சிவந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தார்.

"அந்தத் தரைக்கு நான்தான் கல்லு வெச்சு பூஜ போட்டேன்," என்றார். "நாலு குழியையும் மூடி, மேல சிமெண்ட் போட்டு... அவன் வெளிய போயிட்டாம்மா. ஆரோன். டோக்கன் பலகையில மாட்டியிருந்துச்சு. நானே என் கண்ணால பாத்தேன். டோக்கன் பலகையில இருந்தா ஆளு வெளியன்னுதானே அர்த்தம்?"

நான் ஆரோன் என்ற பெயரைச் சொல்லவே இல்லை.

"காயிதத்த வெச்சிட்டு போ. ஊர்வலம் முடியட்டும், யோசிக்கலாம்," என்றார். பிறகு, "உனக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குல்ல?" என்றும் கேட்டார். மிரட்டினாரா, இல்லை வேறு எதுவும் சொல்லத் தெரியாமல் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பத்து நாள் கழித்து அந்தச் சிமெண்டுத் தரையை உடைத்தார்கள், ஊர்வலத்துக்கு முந்தைய நாள், முதலாளியே கூட நின்று. அங்கே என்ன இருந்தது என்று போலீஸ்காரர்கள் எழுதியிருக்கிறார்கள், நான் எழுத மாட்டேன். அதன் பிறகு அந்தக் காருக்கு எந்த வாரும் போதுமானதாக இருந்தது. பாஷா பாய் சந்தேகம் தீரப் பள்ளிக்கூடப் பையின் வாரைக்கூடக் கட்டிப் பார்த்தார், நின்றது. ஐந்து மணிக்குக் காத்திருந்து பழகிய பஸ் டிரைவர் ரொம்ப நாள் வரைக்கும் சங்கு ஊதிய பிறகும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார். ஆனால் எனக்கு அந்த விஷயம் முடிந்தது தரை உடைத்த அன்றல்ல, நான் அறிக்கை கொடுத்த அன்று சாயங்காலம்.

அன்றைக்குச் சனிக்கிழமை, அப்பாவுக்கு அரைநாள். வீட்டில் பனியனோடு உட்கார்ந்து ரேடியோவைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பையைக்கூட இறக்காமல் கேட்டேன்.

"அப்பா, ஆரோன் மாமா டோக்கன பலகையில யார் மாட்டினது?"

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. என் விரல் நுனியில் சிவப்பு ஒட்டியிருந்ததைப் பார்த்தார். அது என்ன சிவப்பு என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"நான்தான்," என்றார்.

தொழிற்சாலை வாசலில் ஒரு பலகை உண்டு. உள்ளே போகும்போது அவரவர் எண் போட்ட பித்தளை டோக்கனை அதிலிருந்து எடுத்து இடுப்பில் முடிந்துகொள்ள வேண்டும், வெளியே போகும்போது திரும்ப மாட்ட வேண்டும். சுண்ணாம்புக் குழியில் ஐந்து பேர் செட்டு. கையிலும் காலிலும் ஏறிய சுண்ணாம்பு போக நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், குழாய் ஒன்றுதான், பஸ்ஸோ ஐந்து பத்துக்கு. அதனால் அவர்களுக்குள் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். முறை போட்டுக்கொண்டு, ஒருவர் முதலில் கழுவிவிட்டு ஐந்து பேர் டோக்கனையும் வாங்கிப்போய் மாட்டிவிடுவார், மற்றவர்கள் பலகை முன் வரிசையில் நிற்காமல் கழுவியவுடன் ஓடிவந்து பஸ் பிடிப்பார்கள். எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட சின்ன உதவி அது. அன்றைக்கு அப்பா முறை. ஒரு தோல் நழுவிக் குழியின் அடிக்குப் போய்விட்டது, எடுத்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி ஆரோன் மாமா டோக்கனை அவிழ்த்துக் கொடுத்தார். அப்பா மாட்டினார். பஸ்ஸில் கூட்டம். பின்னால் ஏறியிருப்பான் என்று நினைத்தார்.

"மறுநாள் தேடினாங்க. டோக்கன் இருக்கு, ஆள் வெளியதான்னாங்க. அடுத்தவன் டோக்கன மாட்டினா வேலய வுட்டு தூக்கிடுவாங்க பாப்பா. அஞ்சு பேரையும். ஒருநாள் பாத்துட்டு சொல்லலாம்னு இருந்தேன். ஒருநாள் சொல்லல. அதனால மறுநாள் சொல்ல முடியல. அதுக்கப்பறம் குழிய மூடிட்டாங்க. பெங்களூருல பாத்தேன்னு ஒருத்தன் சொன்னப்ப, நான் சந்தோஷப்பட்டேன்."

அவர் எழுந்து சட்டையைப் போட்டார், பொத்தானை மாற்றிப் போட்டு அவிழ்த்து மறுபடியும் போட்டார். வெளியே நடந்தார். நான் பின்னால் போனேன். மூன்று வீடுதான், ஆனால் அப்பா அந்த வாசலில் கால் வைத்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

சலோமி அத்தை ஜன்னலைச் சாத்த எழுந்திருந்தாள். எங்களைப் பார்த்து நின்றாள்.

அப்பா உள்ளே போகவில்லை. படியின் கீழேயே நின்று, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, எனக்குச் சொன்னதை எல்லாம் சொன்னார். தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரி ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை, பஸ்ஸில் கூட்டம் என்பதைக்கூட இந்தமுறை விட்டுவிட்டார். அவர் முடிக்கும்போது சங்கு ஊதியது. தெருவின் அந்தக் கோடியிலிருந்து குரல் கேட்டது. டீக்கடையில் இருந்தவர்கள் வழக்கம்போல் பதில் சொல்வதும், யாரோ சிரிப்பதும், பஸ் கிளம்புவதும் கேட்டது. இந்த முறை அத்தை ஜன்னலைச் சாத்தவில்லை.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அப்பாவும் அதற்காகத்தான் தலையைக் குனிந்து நின்றார்.

"அன்னிக்கு மத்தியானம் சாப்ட்டாரா?" என்றாள் அத்தை.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "சாப்ட்டான்."

"முழுசுமா?"

"முழுசும். புளிக்கொழம்பு. ஒரு முட்ட. முட்டையில பாதிய எனக்குக் குடுத்தான். கொழம்புல உப்பு இல்லன்னான். சாயந்தரம் போய் அவள ஒரு வழி பண்றேன்னு சொன்னான்."

"சாயந்தரம் வூட்டுக்குப் போயின்னு சொன்னாரா?"

"ஆமாம்மா. வூட்டுக்குப் போயின்னுதான் சொன்னான்."

அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அதை ஒரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். உதடு அசைவது தெரிந்தது.

"பொய் சொல்றாரு," என்றாள். "உப்பு போட்டேண்ணா. நல்லா ஞாபகம் இருக்குது, ரெண்டு தடவ போட்டேன். அவருக்கு எப்பவும் பத்தாது."

பிறகு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, தெருவே கேட்க, புருஷன் செத்துப்போன பெண் அழுகிற அழுகையை அழ ஆரம்பித்தாள். அரிசி களைந்துகொண்டிருந்த பெண்கள் ஈரக்கையோடே ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.